குளியலறையில் அப்பா விழுந்துவிட்டார், வாடகை வீட்டில் என்னென்ன மாற்றலாம்?

கும்பகோணத்து மகள் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 76 வயது. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் அம்மாவும் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். என் வீடு இரண்டு தெரு தள்ளி. போன சனிக்கிழமை காலை வழக்கம்போல நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு, அரை மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்துவிட்டு, வெந்நீரில் குளிக்கப் போனார். குளிக்கும்போது சத்தமாகத் தேவாரம் சொல்வார். அம்மாவுக்கு அதுதான் கடிகாரம். சத்தம் நின்றால் குளியல் முடிந்தது, இட்லித் தட்டை அடுப்பில் ஏற்றலாம். அன்றைக்கும் சத்தம் நின்றது, அம்மாவும் தட்டை ஏற்றினார். இட்லி வெந்து, இறக்கி வைத்து, ஆறியும் போய்விட்டது. அப்பா வரவில்லை.

கதவைத் தட்டினால் முனகல் மட்டும் கேட்டிருக்கிறது. உள்ளே தாழ்ப்பாள். அது உள்பக்கமாகத் திறக்கிற கதவு, அப்பா அதை ஒட்டியே கிடந்தார். இடித்துத் தள்ளினால் அவர் மேல்தான் விழும். கடைசியில் பக்கத்து வீட்டுப் பையன் பின்பக்கம் ஏணி போட்டு ஏறி, வென்டிலேட்டரின் கண்ணாடிப் பட்டைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிட்டு, அந்தச் சந்துக்குள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு இறங்கினான். அப்பா ஈரத் தரையில் 40 நிமிஷம் கிடந்திருக்கிறார்.

வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. தொடையில் ரத்தம் கட்டிக் கறுத்துப் போயிருக்கிறது. தலை தப்பியது. ஆனால் இது இரண்டாவது தடவை என்பது எனக்கு இப்போதுதான் தெரியும். பொங்கல் சமயத்தில் ராத்திரி பாத்ரூம் போகும்போது நிலைப்படியில் தடுமாறிக் கீழே உட்கார்ந்துவிட்டாராம். "அவளிடம் சொல்லாதே" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

ரத்த அழுத்தத்துக்கும் புரோஸ்டேட்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார், தினம் ஒரு ஆஸ்பிரினும் உண்டு.

இப்போது என் பிரச்சினை. வீட்டுக்காரர் சுவரில் ஓட்டை போடக்கூடாது என்று முதலிலேயே சொல்லியிருக்கிறார். தரையில் வழவழப்பான டைல்ஸ், அதன் மேல் போர் தண்ணீர் உப்பு. உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் கைப்பிடி ஆன்லைனில் விற்கிறதே, அதை நம்பலாமா? ரப்பர் மேட் போடலாமா? எல்லாவற்றுக்கும் மேல் அப்பா. தாழ்ப்பாள் போடாமல் குளிக்க மாட்டேன், நாற்காலியில் உட்கார்ந்து குளிக்க நான் என்ன நோயாளியா என்கிறார். அவர் மனதை நோகடிக்காமல் இதை எப்படிச் செய்வது? வீட்டில் இதைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.


பாளையங்கோட்டைக்காரன் எழுதியது:

அம்மா, உங்கள் பதிவைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. என் அம்மா 2021 ஐப்பசியில் விழுந்தார், அப்போது வயது 71. உங்கள் அப்பாவுக்கு மணிக்கட்டோடு போயிற்று. என் அம்மாவுக்குத் தொடை எலும்பின் மேல்முனை, இடுப்போடு சேருகிற இடம்.

நடந்தது இதுதான். இந்தியன் டாய்லெட்டிலிருந்து எழுந்திருக்கும்போது சுவரில் இருந்த துண்டு போடும் கம்பியைப் பிடித்திருக்கிறார். கம்பி கையோடு வந்துவிட்டது. நாங்கள் உள்ளே போனபோதும் அதைக் கையில் பிடித்தபடிதான் கிடந்தார். கம்பியின் நுனியில் திருகாணி, திருகாணியைச் சுற்றிச் சின்ன விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பிளக், அதில் ஒட்டிய சிமென்ட் தூள். அதை மாட்டியவன் நான். ஈரத் துண்டின் பாரத்தைத்தான் அது தாங்கும். அம்மா அதைத் தினமும் பிடித்துத்தான் எழுந்திருக்கிறார் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. உங்கள் வீட்டில் இன்றைக்கே போய்ப் பாருங்கள்: அப்பா எதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார்? குழாயா, வாஷ்பேசினா, கதவுக் கைப்பிடியா? வாஷ்பேசின் என்றால் இன்னும் ஆபத்து. அது பெயர்ந்து விழுந்து உடைந்தால் பீங்கான் சில்லு கத்தி மாதிரி ஆழமாக வெட்டும். வெஸ்டர்ன் கமோடின் மேல் கால் வைத்துக் குத்துக்காலிடுகிறவர்களுக்கும் அதே ஆபத்துதான்.

நாங்கள் செய்த அடுத்த தப்பு, அம்மாவை ஆளுக்கொரு கையாகத் தூக்கி நிறுத்தப் பார்த்தது. அவர் போட்ட அலறல் இன்னும் காதில் இருக்கிறது. அப்புறம்தான் கவனித்தேன், ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாக, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது. அப்படிக் கண்டால் தூக்கக்கூடாது. போர்வை போர்த்திவிட்டு, காலை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். சொந்தக்காரர்கள் கட்டுப் போடுகிற இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்றார்கள். எலும்பு மருத்துவர், இந்த வயதில் இந்த முறிவை இரண்டு நாளுக்குள் அறுவை சிகிச்சை செய்துவிடப் பார்க்க வேண்டும், படுக்கையில் போட்டால் நெஞ்சுச் சளி, படுக்கைப்புண், காலில் ரத்தக்கட்டி என்று ஒன்றன் பின் ஒன்றாக வரும் என்றார். மறுநாளே செய்தோம். உடைந்த பந்துமுனையை எடுத்துவிட்டு உலோகத்தில் வைத்தார்கள். மூன்றாம் நாள் வாக்கரைப் பிடித்து நிற்க வைத்துவிட்டார்கள். அன்று அந்த மருத்துவர் அப்படி அடித்துச் சொல்லாமல் இருந்திருந்தால் நாங்கள் என்ன செய்திருப்போமோ.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். தரையையும் மேட்டையும் பிறகு பார்த்துக்கொள்ளுங்கள், முதலில் கதவு. விழுவதை நூற்றுக்கு நூறு தடுக்க யாராலும் முடியாது. விழுந்தவரிடம் ஒரு நிமிஷத்தில் போய்ச் சேர முடிய வேண்டும். தரையில் மணிக்கணக்காகக் கிடந்தால் அழுந்திய தசை சிதைந்து சிறுநீரகத்தையே கெடுக்கும் என்று எங்களுக்குச் சொன்னார்கள். தச்சரைக் கூப்பிட்டுக் கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி கீலை மாற்றச் சொல்லுங்கள், அரை நாள் வேலை. தாழ்ப்பாளைக் கழற்றி ஒரு கவரில் போட்டு வைத்துவிட்டால், வீட்டைக் காலி செய்யும்போது திரும்ப மாட்டிக் கொடுத்துவிடலாம். அப்பாவுக்குப் பூட்டு இருந்தே ஆக வேண்டும் என்றால், உள்ளே திருகிப் பூட்டி, வெளியிலிருந்து ஒரு நாணயத்தைக் காடியில் வைத்துத் திருப்பினால் திறக்கிற வகை கடையில் கிடைக்கிறது.

என் அம்மாவும் தாழ்ப்பாள் இல்லாமல் போக மாட்டேன் என்று அழுதார். அந்தக் கூச்சம் நியாயமானது, அதை வீம்பு என்று சொல்லாதீர்கள். நாங்கள் ஒரு சிவப்புத் துண்டை ஏற்பாடு செய்தோம். அது வெளிக் கைப்பிடியில் தொங்கினால் வீட்டில் யாரும் அந்தப் பக்கம் போகக்கூடாது, பேரன் உட்பட. முதல் வாரம் சந்தேகப்பட்டார். யாரும் மீறவில்லை என்று தெரிந்ததும் அவராகவே துண்டை மாட்ட ஆரம்பித்துவிட்டார்.


கோவை டைல்ஸ்காரர் எழுதியது:

22 வருஷமாக டைல்ஸ் வேலை செய்கிறேன். ஹாலுக்குப் போடுகிற பளபளப்பு டைல்ஸையே பாத்ரூமுக்கும் கேட்கிறவர்கள் இன்னும் நிறையப் பேர். நான் வாதாடிப் பார்ப்பேன். சொந்த வீடு கட்டுகிறவர்கள் இதைப் படித்தால், சொரசொரப்பான, பளபளப்பில்லாத டைல்ஸ், அதுவும் சின்ன அளவில் போடுங்கள். இணைப்புக் கோடு அதிகம் இருந்தால் கால் பிடிக்கும், வாட்டமும் ஒழுங்காக வரும். வாட்டம் சரியில்லாமல் ஒரு மூலையில் தண்ணீர் நின்றால் அங்கேதான் பாசி.

வாடகை வீட்டுக்கு: சொரசொரப்பான ஒட்டும் பட்டை சுருளாக விற்கிறது. தரையை எண்ணெய்ப் பசை போகக் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காய விட்டு, நிற்கிற இடத்தில் நாலு விரல் இடைவெளியில் வரிசையாக ஒட்டலாம். ஈரத்தில் ஒட்டினால் ஒரு வாரத்தில் உரிந்துவிடும், அந்த உரிந்த முனையே காலைத் தட்டும். கீழே உறிஞ்சிகள் இருக்கிற ரப்பர் மேட் வழவழப்பு டைல்ஸில் பிடிக்கும். ஆனால் தினமும் தூக்கிச் சாய்த்துக் காய வைக்கிற பொறுமை வேண்டும், இல்லையென்றால் அடியில் வழவழவென்று பாசி கட்டும். எண்ணெய்க் குளியல் அன்றைக்கு அந்த மேட்டையும் நம்பாதீர்கள். நல்லெண்ணெயும் சீயக்காயும் சேர்ந்த தண்ணீர் மேட்டுக்கு அடியிலும் போகும்.

உறிஞ்சி ஒட்டும் கைப்பிடி வேண்டவே வேண்டாம். கோடு மேல் பட்டாலோ, டைல்ஸ் கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தாலோ காற்று உள்ளே போய்விடும். காலையில் கெட்டியாக இருக்கும், சாயங்காலம் கையோடு வரும். மேலே ஒருவர் சொன்ன துண்டுக் கம்பி கதைதான். ஓட்டை போட முடியாத வீட்டில் கமோடைச் சுற்றித் தரையில் நிற்கிற நாலு கால் கைப்பிடிச் சட்டம் வாங்குங்கள், மருத்துவப் பொருள் கடையில் இருக்கும். குளிக்க, கால் முனையில் ரப்பர் இருக்கிற அலுமினிய நாற்காலி. சாதாரண பிளாஸ்டிக் நாற்காலியின் கால் ஈர டைல்ஸில் நாலாபக்கமும் விரியும், பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்காரர் சம்மதித்தால் எஃகுக் கைப்பிடி பொருத்துங்கள். கைக்குள் அடங்குகிற 38 முதல் 40 மில்லிமீட்டர் பருமன், சுவருக்கும் கம்பிக்கும் நடுவே 50 மில்லிமீட்டர் இடைவெளி. இடைவெளி கூடினால் முழங்கை வரை உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். செங்கல் சுவரில் நல்ல ஆங்கர் போல்ட் பிடிக்கும். இப்போதைய அபார்ட்மென்ட் லேசான சிமென்ட் கல் சுவர் என்றால் அதற்கென்று இருக்கிற ரசாயன ஆங்கர் போட வேண்டும். டைல்ஸைத் துளைத்து முடிக்கிறவரை டிரில்லைச் சுத்தியல் முறையில் போடக்கூடாது, போட்டால் விரிசல் விடும். பொருத்தியதும் நீங்களே உங்கள் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பாருங்கள். அப்புறம் அப்பாவிடம் காட்டுங்கள்.

இன்னொன்று, உப்புக் கறைக்கு ஆசிட் ஊற்றுகிறவர்கள் அதே நாளில் பிளீச்சிங் பவுடரும் போடுகிறார்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், மூடிய பாத்ரூமில் மூச்சை அடைத்துவிடும். உப்புக்கு வினிகர் போதும், நேரம் எடுக்கும், அவ்வளவுதான். வாளியில் ஹீட்டர் ராடு போட்டு வெந்நீர் வைக்கிற வீடாக இருந்தால், ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே தண்ணீரில் விரல் வைக்க வேண்டும். மின் பலகையில், மின்சாரம் கசிந்தால் தானாக நிறுத்திவிடுகிற 30 மில்லிஆம்பியர் கசிவு துண்டிப்பான் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.


தஞ்சை பிசியோ எழுதியது:

ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. அப்பாவுக்குக் கால் வழுக்கியதா, இல்லை தலை சுற்றியதா? தயவுசெய்து தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். "வழுக்கிவிட்டது" என்று சொல்வதில் பெரியவர்களுக்குக் கௌரவக் குறைவு இல்லை, மயக்கம் என்று சொல்லத் தயங்குவார்கள்.

நான் சந்தேகப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார், பிறகு எழுந்தார், வெந்நீர் ஊற்றிக்கொண்டார். சூட்டுக்கு ரத்தக் குழாய்கள் விரியும், அழுத்தம் இறங்கும். ஏற்கெனவே ரத்த அழுத்த மாத்திரை. புரோஸ்டேட் மாத்திரைகளில் சில வகை, டாம்சுலோசின் மாதிரி, எழுந்து நிற்கும்போது அழுத்தத்தை இன்னும் இறக்கும். பொங்கல் சமயத்து விழுகையும் ராத்திரி படுக்கையிலிருந்து எழுந்து போகும்போதுதான். இரண்டிலும் அவர் எழுந்த கொஞ்ச நேரத்தில்தான் விழுந்திருக்கிறார். படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்று மூன்று நிமிஷத்துக்குள் ஒருமுறை ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல், இல்லை கீழ் அளவு 10 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அதுதான் காரணமாக இருக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்த மருத்துவர் அளவையோ நேரத்தையோ மாற்றுவார்.

ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் தலை தப்பியது என்பதையும் அவ்வளவு லேசாக எடுக்காதீர்கள். சின்ன அடி பட்டிருந்தால்கூட மண்டைக்குள் மெதுவாக ரத்தம் கசிந்து இரண்டு மூன்று வாரம் கழித்துத் தெரியலாம். விடாத தலைவலி, வழக்கத்துக்கு மாறான தூக்கம், பேச்சில் குழப்பம், ஒரு பக்கம் கை கால் சோர்வு, இதில் எது வந்தாலும் உடனே ஸ்கேன்.

மணிக்கட்டு முறிவும் ஒரு செய்தி. நின்ற உயரத்திலிருந்து விழுந்து எலும்பு உடைகிறது என்றால் எலும்பு மெலிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த முறிவுக்கு அப்புறம் இடுப்பு முறிவு வரக்கூடிய வாய்ப்பு கூடுதல். எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் வைட்டமின் டி-யும் கேட்டு எழுதி வாங்குங்கள். ஆண்களுக்கு இதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

ராத்திரிக்குக் கட்டில் ஓரத்திலேயே சிறுநீர்க் குடுவை. எழுந்தால் கால்களைத் தொங்கப்போட்டு ஒரு நிமிஷம் உட்கார்ந்து, குதிகாலை ஏற்றி இறக்கி, அப்புறம் நிற்கட்டும். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை தரையோரமாக ஒரு சின்ன விளக்கு. கட்டுப் பிரித்ததும் உடற்பயிற்சி அவசியம். உங்கள் பகுதிச் சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருவாரா என்று விசாரியுங்கள்.


இரட்டைப் பிள்ளைகளின் அம்மா எழுதியது:

பெரியவர்கள் வீட்டுக்குப் பேரப்பிள்ளைகள் வருவார்கள் இல்லையா, அதற்காக ஒரு வரி. குளித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம், எட்டிப் பார்த்துத் தலைகீழாக விழுந்தால் தானாக எழ முடியாது, சத்தமும் வராது. கால் வாளித் தண்ணீர் போதும். போர் தண்ணீர் எப்போது வருமோ என்று பிடித்து வைக்கிற வீடு என்றால் அண்டாவுக்கு மூடியும் மூடி மேல் கல்லும் வேண்டும்.


கும்பகோணத்து மகள் எழுதியது (மூன்று வாரம் கழித்து):

உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

பிசியோ சொன்ன கேள்வியை அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் கேட்டேன். முதலில் "எண்ணெய்தான், வேறென்ன" என்றார். நான் ஒன்றும் பேசாமல் அவர் கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது, சுவர் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை" என்றார். பொங்கல் அன்றும் அதேதானாம். மருத்துவரிடம் போனோம். படுத்திருக்கும்போது மேல் அளவு 142, நின்றதும் 116. ஒரு மாத்திரையைக் குறைத்து, இன்னொன்றின் நேரத்தை மாற்றியிருக்கிறார். எலும்பு அடர்த்தியும் குறைவாகத்தான் இருக்கிறது, அதற்கும் மருந்து தொடங்கியாயிற்று. நான் ரப்பர் மேட் விலையைத் தேடிக்கொண்டிருந்தேன்!

வீட்டுக்காரரிடம் நேரில் போய் நடந்ததைச் சொன்னேன். கதவை வெளிப்பக்கம் திருப்பச் சம்மதித்தார், சுவரில் ஓட்டைக்கு இன்னும் சம்மதிக்கவில்லை. அதனால் நாலு கால் சட்டமும், ஒட்டும் பட்டையும், அலுமினிய நாற்காலியும் வாங்கினோம். நாற்காலியை அப்பாவிடம் "எண்ணெய் தேய்த்துக்கொள்ள" என்று கொடுத்தேன். திண்ணையில் அதில்தான் உட்கார்ந்தார். போன சனிக்கிழமை அவராகவே அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

சிவப்புத் துண்டுக்கு அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. தேவாரம் சொல்கிற வரைக்கும் உள்ளே ஆள் இருக்கிறது என்று தெரியுமே, அதற்கு மேல் என்ன துண்டு என்றார். அதுவும் சரிதான். தாழ்ப்பாள் கழற்றியாயிற்று. பாட்டு நின்று, கதவும் திறக்காவிட்டால் அம்மா பத்து எண்ணிவிட்டுக் கூப்பிட வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். இன்று காலை நான் அங்கேதான் இருந்தேன். ஒரு பதிகத்தின் நடுவில் சட்டென்று சத்தம் நின்றது. அம்மா இட்லித் தட்டைக் கீழே வைத்துவிட்டு எண்ண ஆரம்பித்தார். ஆறு வருவதற்குள் உள்ளேயிருந்து அப்பாவே குரல் கொடுத்தார்: "இருக்கேன், சோப்பு கைநழுவிடுச்சு. நீ வந்து எடு, நான் குனியலை."